கம்பி யார் கையில்: தனியார்மயத்துக்குப் பின் தொலைத்தொடர்பை ஒழுங்குபடுத்தும் வழிகள்

1984 நவம்பரில் பிரிட்டன் அரசு, பிரிட்டிஷ் டெலிகாம் நிறுவனத்தின் பங்குகளில் 50.2 சதவீதத்தை, பங்கொன்று 130 பென்ஸ் என்ற விலையில் விற்றது. அந்த நிறுவனத்தைக் கண்காணிப்பதற்கென்று ஆஃப்டெல் என்னும் அலுவலகத்தை அதே ஆண்டில், பங்குகள் சந்தைக்கு வருவதற்கு முன்பே, சட்டம் இயற்றி அமைத்துவிட்டது. முதலில் கண்காணிப்பாளர், பிறகு விற்பனை என்ற இந்த வரிசை இன்று யாருக்கும் இயல்பாகவே தோன்றும். ஆனால் மெக்சிகோ தன் டெல்மெக்ஸ் நிறுவனத்தை 1990 டிசம்பரில் விற்றது; அதற்கான தனி ஒழுங்குமுறை ஆணையம் 1996இல்தான் பிறந்தது. இடைப்பட்ட ஆறு ஆண்டுகளில் வேரூன்றிய ஆதிக்கத்தை அசைக்க அந்த நாட்டுக்கு அரசியலமைப்புத் திருத்தமே தேவைப்பட்டது. தொலைபேசி நடத்தும் வேலையிலிருந்து அரசு விலகினால் அதன் பொறுப்பு குறைந்துவிடும் என்ற எண்ணம் எவ்வளவு தவறானது என்பதற்கு இந்த இரண்டு தேதிகளுமே போதுமான சான்று.

அரசுத் துறையே தொலைபேசியை நடத்திய காலத்தில் கட்டணம், விரிவாக்கம், சேவைத் தரம், லாபம் எல்லாம் ஒரே மேசையில் முடிவாயின. முடிவுகள் நல்லவையாக இருந்தன என்று சொல்ல முடியாது. இணைப்புக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்த தலைமுறை பல நாடுகளில் இன்னும் உயிரோடு இருக்கிறது. ஆனாலும் யாரைக் கேட்பது என்ற குழப்பம் அப்போது இல்லை. விற்பனைக்குப் பிறகு முதலீட்டாளர், சந்தாதாரர், புதிதாகத் தொழிலுக்குள் வர விரும்புபவர் என்று மூன்று தரப்பினர் வெவ்வேறு திசையில் இழுக்கிறார்கள். இந்த இழுபறியில் பழைய நிறுவனம் சம பலத்துடன் நிற்பதில்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் செல்லும் கம்பி, தெருவுக்கு அடியில் உள்ள குழாய், தொலைபேசி நிலையங்கள், எண்கள், சந்தாதாரர் பட்டியல் அனைத்தும், மக்கள் பணத்தில் பல பத்தாண்டுகளாகக் கட்டப்பட்ட முழுமையான வலையமைப்பாக, அதன் கையில் இருக்கின்றன.

ஒழுங்குமுறை பற்றிய விவாதங்கள் பெரும்பாலும் விலைக் கட்டுப்பாட்டையே சுற்றி வருகின்றன. நுகர்வோரின் கண்ணில் படுவது விலை என்பதால் அது புரிந்துகொள்ளக் கூடியதே. ஆனால் கடந்த நாற்பது ஆண்டு அனுபவத்தைத் திரும்பிப் பார்த்தால், எந்த நாட்டில் தனியார்மயம் மக்களுக்குப் பயன்பட்டது, எந்த நாட்டில் அரசின் ஏகபோகம் தனியாரின் ஏகபோகமாக மட்டும் மாறியது என்பதைத் தீர்மானித்தது வேறொன்று என்றே நான் கருதுகிறேன். பழைய நிறுவனத்தின் வலையமைப்போடு புதியவர் எந்த நிபந்தனையில், என்ன விலையில், எத்தனை நாளில் இணையலாம் என்ற கேள்விதான் அது.

முதலில் விலையைப் பார்ப்போம். அமெரிக்காவில் தொலைபேசி தொடக்கத்திலிருந்தே தனியார் கையில் இருந்ததால், ஏகபோகத்தைக் கட்டுப்படுத்தும் கலையும் அங்கேதான் முதலில் வளர்ந்தது. அங்கு நெடுங்காலம் நிலவிய முறை வருமான வீதக் கட்டுப்பாடு. நிறுவனம் தன் செலவைக் கணக்குக் காட்டும். போட்ட முதலுக்கு நியாயமான ஒரு வீதத்தை ஆணையம் அனுமதிக்கும். இரண்டையும் கூட்டிக் கட்டணம் நிர்ணயிக்கப்படும். கேட்பதற்கு நேர்மையாகத் தோன்றும் இந்த முறையில் உள்ள ஓட்டையை ஆவெர்ச், ஜான்சன் என்ற இரு பொருளியலாளர்கள் 1962இல் எடுத்துக் காட்டினார்கள். அனுமதிக்கப்பட்ட வீதம் மூலதனத்தின் மீது கணக்கிடப்படுவதால், மூலதனத்தைப் பெருக்கிக் காட்டுவதே லாபத்துக்கு வழியாகிறது. அழைப்புகளை இணைக்கும் நிலையச் சுவிட்சுகள் நான்கு போதுமான இடத்தில் ஆறு வாங்கினாலும் அதற்கும் வட்டியோடு சந்தாதாரரே பணம் கட்டுவார். சிக்கனமாக இருப்பவருக்கு அதில் எந்தப் பலனும் இல்லை.

பிரிட்டிஷ் டெலிகாமை விற்க முடிவெடுத்தபோது, இந்த அமெரிக்க முறை வேண்டாம் என்பதில் பிரிட்டன் அரசு தெளிவாக இருந்தது. மாற்று வழி கேட்கப்பட்டபோது ஸ்டீபன் லிட்டில்சைல்ட் என்ற பொருளியலாளர் 1983இல் ஓர் அறிக்கை கொடுத்தார். அவர் பரிந்துரைத்த சூத்திரம் மிக எளிது: சில்லறை விலைக் குறியீடு எவ்வளவு ஏறுகிறதோ, அதிலிருந்து ஒரு குறிப்பிட்ட எண்ணைக் கழித்துக் கிடைக்கும் அளவுக்கே நிறுவனம் தன் கட்டணங்களைச் சராசரியாக உயர்த்தலாம். தொடக்கத்தில் அந்த எண் 3. பணவீக்கம் 5 சதவீதம் என்றால் கட்டணம் 2 சதவீதம் வரை ஏறலாம். பணவீக்கம் 2 சதவீதம் என்றால் கட்டணத்தை 1 சதவீதம் குறைத்தே ஆக வேண்டும். அந்த வரம்புக்குள் நிறுவனம் செலவை எவ்வளவு குறைத்தாலும் மிச்சம் அதற்கே சொந்தம். ஊதாரித்தனத்துக்குக் கூலி கொடுத்த பழைய முறைக்கு நேர் எதிராக, இது சிக்கனத்துக்குப் பரிசு கொடுத்தது. உலகம் முழுவதும் மின்சாரம், நீர், விமான நிலையம் என்று பல துறைகளுக்கு இது பரவியது. அமெரிக்க மத்திய ஆணையமும் 1989இல் ஏடி அண்ட் டி என்ற தொலைபேசி நிறுவனத்துக்கு உச்சவரம்பு முறையையே கொண்டுவந்தது.

ஆனால் எளிய சூத்திரத்துக்குள்ளும் நெளிவுகள் உண்டு. வரம்பு பல சேவைகளைச் சேர்த்த ஒரு கூடைக்கு உரியதே தவிர, கூடையில் உள்ள ஒவ்வொரு சேவைக்கும் தனித்தனியாக உரியது அன்று. போட்டி வரக்கூடிய நெடுந்தொலைவு அழைப்புகளுக்கு விலையைக் குறைத்து, போட்டியே இல்லாத வீட்டு இணைப்பு வாடகையை ஏற்றினாலும் சராசரி வரம்புக்குள் நிற்கும். இதைத் தடுக்க, வீட்டு இணைப்பு வாடகையை விலைக் குறியீட்டுக்கு மேல் 2 சதவீதத்தைத் தாண்டி உயர்த்துவதில்லை என்ற தனி உறுதிமொழி வாங்க வேண்டியிருந்தது. அடுத்த சிக்கல் தரம். விலைக்குத்தான் வரம்பு, செலவைக் குறைத்தால் லாபம் என்ற நிலையில், பழுது பார்க்கும் ஆட்களைக் குறைப்பதும் செலவைக் குறைப்பதாகவே கணக்கில் சேரும். விற்பனைக்குப் பிறகு அந்த நிறுவனம் தன் சேவைத் தரப் புள்ளிவிவரங்களை வெளியிடுவதை நிறுத்தியிருந்தது. 1987இல் பழுதான பொதுத் தொலைபேசிகள் பற்றியும் தாமதமான பழுதுநீக்கம் பற்றியும் மக்களின் கோபம் வெடித்த பிறகு, ஆஃப்டெல் கொடுத்த அழுத்தத்தால்தான் அவை மீண்டும் வெளியாகத் தொடங்கின. விலையை மட்டும் அளக்கிற ஆணையம் பாதி வேலையைத்தான் செய்கிறது என்பதை இதைவிடத் தெளிவாக உணர்த்தும் நிகழ்வு வேறில்லை.

கழிக்கப்படும் அந்த எண்ணின் பயணமும் கவனிக்கத்தக்கது. 3 என்று தொடங்கியது 1989இல் 4.5 ஆகி, 1991இல் 6.25 ஆகி, 1993இல் 7.5 வரை ஏறியது. ஒவ்வொரு முறையும், நிறுவனத்தால் இவ்வளவு சிக்கனம் செய்ய முடியும் என்பது அதன் லாபத்தைப் பார்த்த பிறகே ஆணையத்துக்குத் தெரிந்தது. தொழிலை நடத்துபவருக்குத் தெரிந்ததில் ஒரு பகுதிதான் கண்காணிப்பவருக்குத் தெரியும் என்ற இந்த அடிப்படைக் குறையை எந்தச் சூத்திரத்தாலும் முழுமையாக நீக்க முடியாது. லிட்டில்சைல்ட் இதை அறிந்தேதான் எழுதினார். விலைக் கட்டுப்பாடு என்பது போட்டி வந்து சேரும் வரை கோட்டையைக் காத்து நிற்கும் வேலை மட்டுமே, போட்டிக்கு அது மாற்று ஆகாது என்பது அவர் நிலைப்பாடு. கோட்டையை எத்தனை காலம் காக்க வேண்டியிருந்தது? பிரிட்டிஷ் டெலிகாமின் சில்லறை விலைக் கட்டுப்பாடு 2006இல்தான், 22 ஆண்டுகளுக்குப் பிறகு, நீக்கப்பட்டது.

போட்டி ஏன் அவ்வளவு தாமதமாக வந்தது என்ற கேள்விக்கு விடை, இரண்டு வலையமைப்புகள் சந்திக்கும் இடத்தில் இருக்கிறது. புதிய நிறுவனம் ஒன்று ஆயிரம் சந்தாதாரர்களோடு தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த ஆயிரம் பேர் பேச விரும்பும் ஆட்களில் மிகப் பெரும்பாலானோர் பழைய நிறுவனத்தின் சந்தாதாரர்கள். ஆகவே புதியவரின் நிலையத்திலிருந்து கிளம்பும் ஏறத்தாழ ஒவ்வொரு அழைப்பும் பழையவரின் நிலையத்துக்குள் நுழைந்தாக வேண்டும். அந்த நுழைவாயிலில் எத்தனை இணைப்புத் தடங்கள் தரப்படுகின்றனவோ, ஒரே நேரத்தில் அத்தனை உரையாடல்கள்தான் நடக்கும். நூறு தடம் தேவைப்படும் இடத்தில் முப்பது தரப்பட்டால், மற்ற அழைப்புகள் வாசலிலேயே நின்று மடியும். அழைத்தவருக்குக் கேட்பது வெறும் பிஸி டோன். யார் கதவைத் திறக்கவில்லை என்று அவருக்குத் தெரியாது. தான் வாங்கிய புதிய இணைப்பு மோசம் என்றுதான் நினைப்பார், பழைய நிறுவனத்துக்கே திரும்புவார். விலையைக் கூட்டாமல், எந்த விதியையும் வெளிப்படையாக மீறாமல், கடிதங்களுக்குத் தாமதமாகப் பதில் போட்டே ஒரு போட்டியாளரை முடித்துவிட முடியும்.

பிரிட்டனில் முதல் போட்டியாளராக அனுமதிக்கப்பட்ட மெர்க்குரி நிறுவனத்துக்கும் பிரிட்டிஷ் டெலிகாமுக்கும் இடையே இணைப்பு நிபந்தனையில் உடன்பாடு எட்டவில்லை. ஆஃப்டெலின் முதல் தலைவர் பிரையன் கார்ஸ்பெர்க் 1985 அக்டோபரில் தலையிட்டு நிபந்தனைகளைத் தாமே நிர்ணயித்தார். மெர்க்குரி பிழைத்தது. ஆனால் அரசு ஏழு ஆண்டுகளுக்கு வேறு எவருக்கும் நிலையான வலையமைப்பு உரிமம் தருவதில்லை என்று வாக்களித்திருந்ததால், சந்தை இருவருக்குள்ளேயே அடங்கிக் கிடந்தது. 1991இல் அந்த இருவர் ஏற்பாடு கைவிடப்பட்ட பிறகே கேபிள் தொலைக்காட்சி நிறுவனங்களும் மற்றவர்களும் பெருமளவில் உள்ளே வந்தார்கள். இந்த ஏழு ஆண்டு வாக்குறுதியைத் தவறு என்று சொல்வது இன்று எளிது. புதிய முதலீட்டாளருக்குக் கொஞ்சம் நிழல் தேவை என்ற அன்றைய வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனாலும் இருவர் மட்டும் உள்ள சந்தையில் இரண்டாமவர் முதலாமவரின் விலைக்குச் சற்றுக் கீழே குடை பிடித்து வாழப் பழகிவிடுகிறார் என்பதே அந்த ஏழு ஆண்டுகள் தந்த பாடம்.

நியூசிலாந்து இதற்கு முற்றிலும் வேறான வழியில் சென்றது. இந்தத் துறையில் அக்கறை உள்ள எவரும் ஊன்றிப் படிக்க வேண்டிய அனுபவம் அது. 1989 ஏப்ரலில் சந்தை முழுவதையும் போட்டிக்குத் திறந்தார்கள். 1990இல் நியூசிலாந்து டெலிகாமை அமெரிக்காவின் பெல் அட்லாண்டிக், அமெரிடெக் நிறுவனங்களுக்கு 425 கோடி நியூசிலாந்து டாலருக்கு விற்றார்கள். தொலைத்தொடர்புக்கென்று தனி ஆணையம் எதுவும் வைக்கவில்லை. வீடுகளுக்கு இலவச உள்ளூர் அழைப்பைத் தொடர்வது, வாடகையைப் பணவீக்கத்துக்கு மேல் உயர்த்தாதிருப்பது போன்ற கடமைகளை ‘கிவி பங்கு’ என்ற சிறப்புப் பங்கின் மூலம் கட்டினார்கள். மற்றதெல்லாம் 1986ஆம் ஆண்டின் பொதுவான போட்டிச் சட்டத்திடம் விடப்பட்டது. இணைப்பு நிபந்தனைகளை நிறுவனங்களே பேசித் தீர்க்கும், தீராவிட்டால் நீதிமன்றம் இருக்கிறது என்பதே அந்த மென்மையான ஒழுங்குமுறையின் சாரம்.

கிளியர் கம்யூனிகேஷன்ஸ் என்ற புதிய நிறுவனம் உள்ளூர் சேவை தர முயன்றபோது இந்த நம்பிக்கை சோதனைக்கு வந்தது. பேச்சுவார்த்தை முறிந்து வழக்கானது. டெலிகாம் தரப்பு, பாமோல், வில்லிக் என்ற இரு பொருளியலாளர்களின் பெயரில் அறியப்படும் விதியை முன்வைத்தது. அதை ஒரு கணக்கால் விளக்கலாம். ஓர் அழைப்புக்குச் சந்தாதாரர் 10 அலகு கொடுக்கிறார். வீட்டுக் கம்பி வரை கொண்டு சேர்க்கப் பழைய நிறுவனத்துக்கு ஆகும் செலவு 3, மீதித் தூரத்துக்கு 2, லாபம் 5. புதியவர் அந்த மீதித் தூரத்தைத் தாமே பார்த்துக்கொண்டு கம்பியை மட்டும் கேட்டால், அவரிடம் 3 வாங்குவதா? பழைய நிறுவனம் அந்த வாடிக்கையாளரை இழப்பதால் 5 அலகு லாபத்தையும் இழக்கிறது. ஆகவே 3-உடன் 5 சேர்த்து 8 கேட்கலாம் என்கிறது இந்த விதி. மீதித் தூரத்தை 2-க்குக் குறைவான செலவில் கடக்கக்கூடிய திறமைசாலி மட்டுமே உள்ளே வருவார் என்பது அதன் தர்க்கம். தர்க்கத்தில் பிழை இல்லை. ஆனால் அந்த 5 அலகு நியாயமான லாபமா, ஏகபோகத்தால் வந்த கொள்ளை லாபமா என்ற கேள்வியை இந்த விதி கேட்பதே இல்லை. கொள்ளை லாபமாக இருந்தால், போட்டி வந்த பிறகும் அது அப்படியே காப்பாற்றப்படுகிறது. சந்தாதாரர் அதே 10 அலகைக் கொடுத்துக்கொண்டே இருக்கிறார்.

கீழ் நீதிமன்றங்கள் மாறி மாறித் தீர்ப்புச் சொன்ன பிறகு, வழக்கு அன்று அந்நாட்டின் இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சிலுக்குச் சென்றது. 1994 அக்டோபரில் கவுன்சில் டெலிகாமுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அந்த விலையைக் கேட்பது சந்தை ஆதிக்கத்தைத் தவறாகப் பயன்படுத்துவது ஆகாது. ஏகபோக லாபம் அதில் கலந்திருந்தால் அதை நீக்க அரசுக்கு விலைக் கட்டுப்பாட்டு அதிகாரம் இருக்கிறது என்றது தீர்ப்பு. சட்டத்தின்படி அது சரியான தீர்ப்பாகவே இருக்கலாம். ஆனால் ஒரு நீதிமன்றத்தால், நடந்தது குற்றமா இல்லையா என்று மட்டுமே சொல்ல முடியும். சரியான இணைப்புக் கட்டணம் எவ்வளவு, எந்த நாளுக்குள் தடங்கள் தரப்பட வேண்டும், அடுத்த ஆண்டு நிலைமை மாறினால் என்ன செய்வது என்றெல்லாம் அது தொடர்ந்து உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருக்க முடியாது. நியூசிலாந்து 2001இல் தொலைத்தொடர்புச் சட்டம் இயற்றி, போட்டி ஆணையத்துக்குள் ஒரு தொலைத்தொடர்பு ஆணையரை நியமித்தது. சந்தையைத் திறந்ததிலிருந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

தனி ஆணையம் இருந்துவிட்டால் மட்டும் இந்தச் சிக்கல் தீர்ந்துவிடும் என்றும் சொல்வதற்கில்லை. 2016 செப்டம்பரில் இந்தியாவில் ஒரு புதிய கைபேசி நிறுவனம் சேவையைத் தொடங்கியபோது, தன் சந்தாதாரர்கள் மற்ற வலையமைப்புகளுக்குச் செய்யும் 100 அழைப்புகளில் 75-க்கும் மேல் தோல்வியடைவதாக முறையிட்டது. இணைப்பு முனைகளில் 1,000 அழைப்புகளுக்கு 5-க்கு மேல் தடைபடக் கூடாது என்பது அங்குள்ள தர விதி. அடுத்த மாதமே ஒழுங்குமுறை ஆணையமான டிராய், மூன்று பழைய நிறுவனங்கள் மீது மொத்தம் 3,050 கோடி ரூபாய் அபராதம் விதிக்கலாம் என்று அரசுக்குப் பரிந்துரைத்தது. பழைய நிறுவனங்களின் பக்கமும் ஒரு வாதம் இருந்தது: அழைப்பு இலவசம் என்று அறிவித்த நிறுவனத்திலிருந்து ஒருதிசை வெள்ளமாக அழைப்புகள் வருகின்றன, அவற்றை முடித்துக் கொடுப்பதற்கு நிமிடத்துக்குக் கிடைக்கும் 14 பைசா செலவுக்குப் போதாது என்றார்கள். அந்தக் கட்டணம் 2017 அக்டோபரில் 6 பைசாவாகக் குறைக்கப்பட்டு, 2021 ஜனவரி முதல் முற்றிலும் நீக்கப்பட்டது. பார்வைக்குச் சில பைசாக் கணக்கு. அது எந்தப் பக்கம் சாய்கிறதோ அதைப் பொறுத்து ஆயிரக்கணக்கான கோடி ரூபாய் ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்குக் கைமாறியது.

இழந்த லாபத்தைச் சேர்க்கும் விதியைக் கைவிட்ட பெரும்பாலான ஆணையங்கள், செலவை அடிப்படையாகக் கொண்ட இணைப்புக் கட்டணத்துக்கு வந்து சேர்ந்தன. அதிலும் பழைய நிறுவனம் உண்மையில் செலவழித்ததை எடுத்துக்கொள்ளாமல், இன்றைய தொழில்நுட்பத்தில் திறமையான ஒரு நிறுவனம் அதே சேவையைத் தர எவ்வளவு செலவாகும் என்று மாதிரி கட்டிக் கணக்கிடுகிறார்கள். சிலி நாடு தன் சில்லறைக் கட்டணங்களுக்கே ஐந்தாண்டுக்கு ஒருமுறை இத்தகைய கற்பனை நிறுவனத்தின் கணக்கைப் பயன்படுத்தியது. மாதிரி எப்போதும் உண்மை நிலவரத்தோடு பொருந்தும் என்று சொல்ல முடியாது. கம்பியின் ஆயுள் எத்தனை ஆண்டு என்ற ஒரே ஊகத்தை மாற்றினால் விடை பெரிதும் மாறிவிடும். இருந்தாலும் ஊகங்கள் பொதுவெளியில் வைத்து விவாதிக்கப்படுவதால், மூடிய அறைப் பேரத்தைவிட இது மேலானது.

கட்டணத்தை எவ்வளவு நுணுக்கமாகக் கணக்கிட்டாலும், கம்பியின் சொந்தக்காரரே அந்தக் கம்பியை நம்பியிருக்கும் எல்லோருக்கும் போட்டியாளராகவும் இருக்கும் வரை, அவருக்குத் தாமதப்படுத்தும் ஆசை இருந்தே தீரும். ஆசையை விதியால் அடக்குவதைவிட அமைப்பை மாற்றி நீக்கிவிடலாமே என்ற சிந்தனையிலிருந்து பிறந்தது பிரிப்பு அணுகுமுறை. இதற்கு மிகத் துணிச்சலான எடுத்துக்காட்டு 1984 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்த, அதுவரை அமெரிக்கத் தொலைபேசியில் ஆதிக்கம் செலுத்திய ஏடி அண்ட் டி நிறுவனத்தின் உடைப்பு. உள்ளூர் சேவை ஏழு வட்டார நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டு, நெடுந்தொலைவுச் சேவையிலிருந்து முற்றிலும் துண்டிக்கப்பட்டது. பிரிட்டன் 2005இல் மிதமான ஒரு வடிவத்தை ஏற்றது: கம்பிகளைப் பராமரிக்கும் பகுதி ஓப்பன்ரீச் என்ற தனிப் பிரிவாகி, சொந்த நிறுவனத்துக்கும் போட்டியாளர்களுக்கும் ஒரே நிபந்தனையில் சேவை செய்ய உறுதியளித்தது, 2017இல் அதைச் சட்டப்படி தனி நிறுவனமாக்கவும் ஒப்புக்கொள்ளப்பட்டது. நியூசிலாந்து 2011இல் கம்பி வலையமைப்பை கோரஸ் என்ற பெயரில் முழுமையாகவே பிரித்தது.

பிரிக்க வேண்டிய நேரம் விற்பனைக்கு முன்புதான் என்பதை ஆஸ்திரேலியா பெரும் செலவில் கற்றது. டெல்ஸ்ட்ரா நிறுவனத்தை 1997, 1999, 2006 என்று மூன்று தவணைகளில், கம்பியும் சில்லறைச் சேவையும் ஒன்றாகவே இருக்க விற்றார்கள். அப்படி விற்றால் பங்குக்கு அதிக விலை கிடைக்கும். ஆனால் கடைசித் தவணை முடிந்து மூன்றே ஆண்டுகளில், 2009இல், நாடு முழுவதற்கும் மொத்த விற்பனை வலையமைப்பு ஒன்றைக் கட்ட அரசே மீண்டும் ஒரு பொதுத்துறை நிறுவனத்தைத் தொடங்கியது. டெல்ஸ்ட்ரா தன் சந்தாதாரர்களை அதற்கு மாற்றித் தரவும், குழாய்களைப் பயன்படுத்த விடவும் நிகழ்கால மதிப்பில் சுமார் 1,100 கோடி ஆஸ்திரேலிய டாலர் ஒப்பந்தம் 2011இல் கையெழுத்தானது. விற்பனை வருவாயை உயர்த்துவதற்காக ஏகபோகத்தை உடையாமல் விற்கும் அரசு, அந்தக் கூடுதல் பணத்தைச் சந்தாதாரரிடமிருந்தே முன்கூட்டி வசூலிக்கிறது. இது என் உறுதியான கருத்து. நிதி அமைச்சகங்களின் கணக்கேடுகளில் இந்தக் கடன் எழுதப்படுவதே இல்லை.

இதுவரை சொன்ன கருவிகள் எல்லாவற்றையும் கையாளுவது ஓர் ஆணையம். அதை அரசிடமிருந்தும் நிறுவனத்திடமிருந்தும் எப்படிக் காப்பது? இதில் முதலீட்டாளரின் அச்சத்தையும் மதிக்க வேண்டும். பூமிக்கு அடியில் கம்பியைப் புதைத்த பிறகு அதைத் தோண்டி எடுத்துக்கொண்டு போக முடியாது என்பதால், தேர்தல் நெருங்கும்போது அரசு கட்டணத்தை அநியாயமாகக் குறைத்தால் அவர் சிக்கிக்கொள்வார். ஜமைக்கா 1988இல் இந்த அச்சத்தைப் போக்க 25 ஆண்டு ஏகபோக உரிமமும், பங்கு மூலதனத்தின் மீது வரி போக 17.5 முதல் 20 சதவீதம் வரை வருமான உறுதியும் கொடுத்தது. முதலீடு வந்தது. ஆனால் அரசு தன் கையைக் கட்டிக்கொண்டதோடு போட்டியின் கையையும் சேர்த்துக் கட்டிவிட்டது. கைபேசியும் இணையமும் வந்த பிறகு, பாதிக் காலம்கூட முடியும் முன்பே, அந்த ஏற்பாட்டைப் பேசி முடித்துக்கொண்டு 2000இல் புதிய சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று.

மெக்சிகோவில் சிக்கல் மறுபக்கமாக இருந்தது. ஆணையம் எடுத்த முடிவுகளை ஆதிக்க நிறுவனம் நீதிமன்றத் தடையாணைகள் மூலம் ஆண்டுக்கணக்கில் நிறுத்திவைக்க முடிந்தது. 2013ஆம் ஆண்டு அரசியலமைப்புத் திருத்தம் புதிய தன்னாட்சி ஆணையத்தை உருவாக்கியதோடு, வழக்கு நடக்கும் காலத்திலும் அதன் முடிவுகள் நடைமுறையில் இருக்கும் என்று விதித்தது. 2014 மார்ச்சில், டெல்மெக்ஸைத் தன் கையில் வைத்திருந்த அமெரிக்கா மோவில் குழுமம் மேலோங்கிய நிறுவனமாக அறிவிக்கப்பட்டு, மற்றவர்களுக்கு இல்லாத கூடுதல் கடமைகள் அதன் மீது சுமத்தப்பட்டன. பத்தே ஆண்டுகளில், 2024 இறுதியில், இன்னொரு அரசியலமைப்புத் திருத்தம் அந்தத் தன்னாட்சி ஆணையத்தையே கலைத்தது. இந்தியாவில் 1997இல் டிராய் அமைக்கப்பட்டபோது, உரிமம் கொடுப்பதும் சேவை நடத்துவதும் ஒரே அரசுத் துறையாக இருந்ததால் அதிகாரம் யாருடையது என்ற வழக்குகள் எழுந்தன. 2000இல் சட்டத்தைத் திருத்தித் தகராறுகளைத் தீர்க்கத் தனித் தீர்ப்பாயம் ஏற்படுத்தப்பட்டது, சேவை நடத்தும் பணி பிஎஸ்என்எல் என்ற நிறுவனத்துக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டது. தன்னாட்சி என்பது சட்டத்தில் ஒருமுறை எழுதி முடிக்கிற வாசகமாக எங்கும் இருந்ததில்லை. சொந்த வருவாய், உறுப்பினர்களுக்கு நிலையான பதவிக்காலம், முடிவுகளைக் காரணத்தோடு வெளியிடும் கடமை என்று பல தூண்களில் அது நிற்கிறது. ஒவ்வொரு தூணையும் அசைக்க யாராவது ஒருவர் எப்போதும் இருக்கிறார்.

லாபம் தராத ஊர்களுக்கு யார் இணைப்பு கொடுப்பது என்ற கேள்விக்குச் சிலி கண்ட விடை எளிமையானது. 1994இல் ஒரு நிதியத்தை அமைத்து, தொலைபேசி இல்லாத ஊர்களுக்கு மிகக் குறைந்த மானியம் கேட்பவருக்கே திட்டம் என்று ஏலம் விட்டார்கள். சில திட்டங்களை மானியமே வேண்டாம் என்று நிறுவனங்கள் எடுத்துக்கொண்டன. சில ஆண்டுகளில் சுமார் 6,000 ஊர்களுக்குப் பொதுத் தொலைபேசி சென்றது. பழைய நிறுவனத்தின் நெடுந்தொலைவு லாபத்திலிருந்து கிராமச் சேவைக்குப் பணம் எடுக்கப்படுகிறது, அதனால் போட்டியை அனுமதிக்கக் கூடாது என்ற வாதம் அதுவரை உலகெங்கும் ஏகபோகத்துக்குக் கேடயமாக இருந்தது. மானியம் எவ்வளவு என்பது ஏலத்தில் வெளிப்படையாகத் தெரிந்த பிறகு அந்தக் கேடயம் பெருமளவு பயனற்றுப் போனது.

1997 பிப்ரவரியில் 69 அரசுகள் உலக வர்த்தக அமைப்பில் தொலைத்தொடர்பு உடன்பாடு ஒன்றை எட்டின. அதையொட்டிப் பல நாடுகள் ஏற்ற குறிப்பு ஆவணத்தில் இணைப்பு, சுயேச்சையான ஆணையம், வெளிப்படையான உரிம நிபந்தனை, அனைவருக்குமான சேவை போன்றவை கொள்கைகளாக இடம்பெற்றன. ஐரோப்பிய ஒன்றியம் 1998 ஜனவரி முதல் சந்தையை முழுமையாகத் திறந்தது. பிறகு, ஆதிக்கம் உள்ள இடத்தில் மட்டும் முன்கூட்டிய விதி, மற்ற இடங்களைப் பொதுவான போட்டிச் சட்டம் பார்த்துக்கொள்ளும் என்ற நிலைக்கு நகர்ந்தது. எந்தெந்தச் சந்தைகளுக்கு அத்தகைய விதி தேவைப்படலாம் என்ற பட்டியலை ஐரோப்பிய ஆணையம் 2003இல் வெளியிட்டபோது அதில் 18 சந்தைகள் இருந்தன. 2007இல் அது 7 ஆகவும், 2014இல் 4 ஆகவும் சுருங்கியது. நெடுந்தொலைவு, பன்னாட்டு அழைப்பு, குத்தகைத் தடம், கைபேசிக்கு அழைப்பு முடித்துக் கொடுப்பது என்று ஒவ்வொன்றாக உதிர்ந்தன. 2020ஆம் ஆண்டுப் பட்டியலில் மீதமிருப்பவை இரண்டே. அவற்றில் ஒன்று நிறுவனங்களுக்கான தனித் தடங்களின் மொத்த விற்பனை. மற்றொன்று, செம்பு போய்க் கண்ணாடி இழை வந்துவிட்ட பிறகும், வீட்டு வாசல் வரை செல்லும் அந்தக் கம்பியை மற்ற நிறுவனங்களுக்கு மொத்த விலையில் திறந்துவிடுவது.